அழுத்தப்புண்: வகுப்பறையில் நம் பங்கு

படுக்கைப்புண் முதியோருக்கு மட்டுமே வருவதில்லை. தண்டுவடக் குறைபாட்டால் இடுப்புக்குக் கீழே உணர்வின்றிச் சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வரும் மாணவருக்கும் வரும். எலும்புக்கும் இருக்கைக்கும் இடையே சதை நசுங்கி, இரத்த நுண்குழாய்கள் அடைபடுகின்றன. நமக்கு வலிக்கும், நெளிந்து உட்காருவோம். அம்மாணவருக்கு வலி தெரியாது.

வேலூர் சி.எம்.சி.யில் 1946 முதல் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரிடம் இதையே கண்டார். வலி தெரியாததால் புண்ணின்மீதே நடந்தார்கள்; அதனால்தான் அது ஆறவில்லை. மாவுக்கட்டால் அழுத்தத்தை விலக்கியதும் ஆறியது. இரத்தம் உறைதல், அழற்சி, புதுத்திசு வளர்தல், வடு இறுகுதல் என்னும் படிகளுக்கு இரத்த ஓட்டம் வேண்டுமே! களிம்பு மட்டும் என்ன செய்யும்?

ஆகவே பாடவேளைக்கு இருமுறையாவது, ஓரிரு நிமிடம் முன்னோக்கியோ பக்கவாட்டிலோ சாய்ந்திருக்க நினைவூட்டுவோம். தோலைப் பார்ப்பது வீட்டார் வேலை. எப்படி என்று நாம் சொல்லித்தரலாம். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்காவிட்டால் அதுவே முதல்நிலை. கருந்தோலில் சிவப்பு தெரியாது. சூடும் கடினமும் தொட்டறிய வேண்டும். அவ்விடத்தைத் தேய்க்கக் கூடாது. காற்று வளையத்தில் உட்காரவைப்பதும் தவறு, சுற்றியுள்ள தோலை அது அழுத்தும்.

எங்கள் பாலசமுத்திரத்துக்குப் பழநி பக்கம். மலைக்கிராமத்து மாணவருக்கு மருத்துவமனை தொலைவு. தோல் உரியும்வரை காத்திராமல், நிறம் மாறிய அன்றே வட்டார வள மையச் சிறப்பாசிரியருக்குத் தெரிவியுங்கள்.