நொறுங்காமல் நொய்யாகும் அலுமினியம்

அலுமினியம் என்றதும் நம் நினைவுக்கு வருவது அடுக்களைக் குண்டான்தான். ஏற்காடு, கொல்லிமலைப் பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் 1965 முதல் இந்த உலோகம் தயாரிக்கப்பட்டது. அந்த உருக்காலை 2008-இல் நின்றுபோயிற்று. மேட்டூரைக் கடந்துவரும் காவிரியின் ஒரு கிளையே அரசலாறாக நம் காரைக்காலில் கடலைச் சேர்கிறது. எடை குறைந்தது, எளிதில் துருவேறாதது. இருந்தும் தூய அலுமினியம் மென்மையானது. இக்குறையை வேறெதுவும் கலக்காமலே போக்க முடியுமா என்பதே கேள்வி.

உலோகம் கண்ணுக்கு ஒரே துண்டாகத் தோன்றினும், நுண்ணோக்கியில் அது நெருக்கி அடுக்கிய படிக மணிகளின் கூட்டம். ஒவ்வொரு மணியினுள்ளும் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. அவ்வரிசையிலுள்ள பிசகுகள் நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. மணியின் எல்லையில் அந்நகர்வு தடைபடும். வரப்புகள் மிகுந்த வயலில் விரைந்து நடக்க முடியுமா? ஆகவே மணி சிறுத்தால் வலிமை கூடும். 1951-இல் ஹாலும் 1953-இல் பெட்ச்சும் இரும்பில் இதனைக் கண்டனர். எல்லைகளால் கிடைக்கும் வலிமை, மணியின் விட்டத்தினுடைய வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும். 25 மைக்ரான் மணியை 1 மைக்ரானாக்கினால் அப்பங்கு ஐந்து மடங்காகும். ஆனால் அலுமினியத்தில் இந்த ஆதாயம் இரும்பைவிட மிகக் குறைவு. எனவே மணியை மிகமிக நுண்ணியதாக்கியே தீரவேண்டும்.

எப்படி நுண்ணியதாக்குவது? அடித்து நீட்டினால் தகடு மெலிந்துவிடும். மேலும் அடிக்க இடமிராது. 1970களில் மின்ஸ்க் நகரில் செகல் குழுவினர் நல்ல வழி கண்டனர். செங்கோணமாகத் திரும்பும் துளையினூடே உலோகக் கட்டையை அழுத்தித் தள்ளினால், அது திருப்பத்தில் சறுக்குருவம் அடைந்து, பழைய பருமனிலேயே வெளிவரும். ஆகவே மீண்டும் மீண்டும் தள்ளலாம். ஒவ்வொரு முறையும் பிசகுகள் பெருகி, சிக்குண்டு, சுவர்களாகி, நாளடைவில் புதிய எல்லைகளாகின்றன.

1998-இல் ஜப்பானின் சைட்டோ முதலியோர் அறிவித்த முறை நமக்கு இன்னும் பழக்கமானது. பரோட்டா மாவை மடித்து மடித்துத் தேய்ப்பது போன்றது. இரு தகடுகளைத் துலக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பாதித் தடிப்பாக உருட்டி, வெட்டி, மறுபடி அடுக்குவர். பத்துச் சுற்றில் 1024 அடுக்குகள். தடிப்போ முதல் தகட்டின் அளவே. சில சுற்றுகளிலேயே மணிகள் 1 மைக்ரானுக்கும் கீழே சிறுத்து, இழுவலிமை மூன்று மடங்கையும் தாண்டியது.

அப்படியானால் நம் மீன்பிடி படகுகளை இதனால் கட்டலாமே என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. பற்றவைக்கும் சூட்டில் மணிகள் மீண்டும் பருத்து, பெற்ற வலிமை அவ்விடத்தில் போய்விடும். நம் தட்டார் இதனை நெடுநாளாக அறிவார். அடித்து இறுகிய வெள்ளியைத் தணலில் காட்டித்தானே மறுபடி இளக்குகிறார்! வலிமை கூடுகையில் நீளும் தன்மையும் பெரும்பாலும் குறைகிறது. எனவே பற்றவைப்பே தேவைப்படாத திருகாணி போன்ற சிறு உறுப்புகளுக்கே இம்முறை முதலில் பொருந்தும் என்பது என் கருத்து.

ஐயமுள்ளோர் ஒரு செம்புக் கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகச் சிலமுறை வளைத்துப் பார்க்கலாம். வரவர விரல் வலிக்கும். பிறகு அதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு மறுபடி வளைத்துப் பாருங்கள்.