உண்டியல் தனி, பெட்ரோல் காசு தனி

முன்னாள் படைவீரர்களுக்கு நிதி திரட்டக் கன்னியாகுமரியிலிருந்து கார்கில் வரை பைக்கில் போகப் போகிறேன் என்று யாராவது வந்து நின்றால், எந்த வண்டி, எத்தனை சிசி என்பதையெல்லாம் நான் பிறகுதான் கேட்பேன். முதல் கேள்வி இதுதான்: வசூலாகும் பணம் யார் கணக்கில் சேரும்?

"என் ஜிபே நம்பருக்குத்தான் சார்" என்று பதில் வந்தால், அந்தப் பயணத்தை அங்கேயே நிறுத்திவையுங்கள். நீங்கள் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், உங்கள் டயருக்கும் ஓட்டல் அறைக்கும் நன்கொடைக்கும் ஒரே கணக்கு என்றால், திரும்பி வந்த மறுநாளே பேச்சு கிளம்பும். கிளம்புவதில் நியாயமும் உண்டு.

பணம் போய்ச்சேர ஒழுங்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. 1949 முதல் டிசம்பர் 7ஆம் தேதி படைவீரர் கொடிநாள். கொடிநாள் நிதியைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள கேந்திரிய சைனிக் போர்டு நிர்வகிக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. அங்கே உதவி இயக்குநரைப் பார்த்து, உங்கள் திட்டத்தை ஒரு பக்கக் கடிதமாகக் கொடுங்கள். எந்தக் கணக்கில் செலுத்துவது, ரசீது எப்படி வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நன்கொடையாளர் நேராக அந்தக் கணக்கில் செலுத்தட்டும். உங்களுக்கு ரசீதின் படம் மட்டும் வந்தால் போதும். வரிச்சலுகையும் அவர் பெயரிலேயே கிடைக்கும் (பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும்). வெளிநாட்டு நண்பர்கள் உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடைக்கென்று தனிச் சட்டமும் பதிவும் உண்டு. தனியாளாக அதில் சிக்கக் கூடாது.

பெட்ரோல், சாப்பாடு, தங்கல் எல்லாம் உங்கள் கைக்காசு. ஸ்பான்சர் கிடைத்தால் அதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது காலம். ஜூலை 26 கார்கில் வெற்றி நாள் என்பதால் பலருக்கும் அந்தத் தேதியில் திராஸில் உள்ள கார்கில் போர் நினைவிடத்தில் நிற்க ஆசை. நான் பரிந்துரைக்க மாட்டேன். வட இந்தியாவில் மழை உச்சத்தில் இருக்கும். ஜம்மு-ஸ்ரீநகர் சாலையில் மண்சரிவு. போதாக்குறைக்கு அமர்நாத் யாத்திரைக்கான போக்குவரத்துக் கட்டுப்பாடு. சரி, கொடிநாளை ஒட்டிப் போகலாம் என்றால் டிசம்பரில் ஜோஜிலா கணவாயைப் பனி மூடும் காலம். நம்மூரிலோ வடகிழக்குப் பருவமழை. செப்டம்பர் இரண்டாம் பாதியில் கிளம்பி, அக்டோபர் நடுவில் வீடு திரும்புவதே புத்திசாலித்தனம். கையில் படங்களும் கதைகளும் இருக்கும். கொடிநாள் வரை நிதி கேட்க ஒன்றரை மாதமும் இருக்கும். பயணத்தின்போது வருவதைவிட, முடிந்தபின் நேரில் போய்ப் பேசும்போதுதான் அதிகம் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

வழி எளிது. தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியில் தொடங்கி மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு வழியாக ஸ்ரீநகர் போகிறது. அங்கிருந்து சோனாமார்க், ஜோஜிலா தாண்டினால் திராஸ். மொத்தம் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர். பெரும்பாலான சுங்கச்சாவடிகளில் பைக்குக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் இருசக்கர வண்டிக்கு அனுமதியே இல்லை. மேப் சொல்கிறதே என்று ஏறிவிடாதீர்கள்.

ஒரு நாளைக்கு 400, மிஞ்சிப்போனால் 450 கிலோமீட்டர். விடிகாலை ஐந்துக்குக் கிளம்பி, இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விட வேண்டும். 24 மணி நேரத்தில் 1,000 மைல் ஓட்டினால் சான்றிதழ் தரும் அயர்ன் பட் அசோசியேஷன் அமெரிக்காவில் இருக்கிறது. அதைப் பார்த்து இங்கும் பலருக்குக் கை துறுதுறுக்கிறது. பின்விளக்கில்லாத டிராக்டரும், எதிர்த்திசையில் வரும் லாரியும், சாலை நடுவில் படுத்திருக்கும் மாடும் உள்ள நெடுஞ்சாலையில் முதல் நீண்ட பயணத்தை அப்படித் தொடங்காதீர்கள். பொதுச்சாலையில் வேகப்போட்டி சட்டப்படியும் குற்றம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் செருகினால் டீ குடித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பங்க் நிழலில் வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள்.

வண்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நன்றாகப் பராமரித்த 125 சிசி போதும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே டயர், செயின் செட், பிரேக், பேட்டரி எல்லாவற்றையும் மாற்றவோ சரிபார்க்கவோ செய்து, 500 கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். கடைசி நாள் சர்வீஸ் செய்த வண்டியில்தான் நட்டு கழலும். கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், லீவர், பிளக், ஃபியூஸ், பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப் கையில் இருக்கட்டும். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை லூப்.

காகிதத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இன்சூரன்ஸில் உள்ள 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் உரிமையாளர் ஓட்டினால்தான். அப்பா பெயரில் உள்ள வண்டியை நீங்கள் ஓட்டினால் அது உங்களுக்குச் சேராது. தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். ஜம்மு-காஷ்மீர், லடாக்கில் நம்மூர் பிரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

ஜோஜிலா 3,500 மீட்டர் உயரம், திராஸ் சுமார் 3,280. ஸ்ரீநகரிலிருந்து ஒரே மூச்சில் ஏறாமல் சோனாமார்க்கில் ஒரு இரவு தங்குங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறக் கூடாது. கூடினால் உடனே கீழே இறங்குங்கள். இதற்கு மாத்திரை வேண்டுமா என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நினைவிடத்தில் நிற்கும்போது மேஜர் சரவணனை நினைத்துக்கொள்ளுங்கள். 1999 மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் வீரமரணம் அடைந்த திருச்சிக்காரர். வீர் சக்ரா பெற்றவர். இன்னொன்று: ராணுவச் சீருடை போன்ற உடுப்பை மாட்டிக்கொண்டு போகாதீர்கள். சீருடைக்குச் சொந்தக்காரர்களைக் கௌரவிக்கத்தானே போகிறீர்கள். காரில் தேசியக் கொடி பறக்கவிடும் உரிமை குறிப்பிட்ட பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்கிறது கொடி விதி. பைக்கிலும் தவிர்ப்பதே மரியாதை. திரும்பும்போது ஜம்முவில் வண்டியை ரயில் பார்சலில் போட்டுவிடலாம். டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது, ஆர்.சி. நகல் வேண்டும்.

மூன்று வாரம் லீவு கிடைக்காதவர்களுக்கும் வேலை இருக்கிறது, அதைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன். ஓய்வூதியம் பெறும் முன்னாள் வீரர்களும், கணவரை இழந்த அவர்களின் மனைவிமாரும் ஆண்டுதோறும் லைஃப் சர்டிபிகேட் தர வேண்டும். பெரும்பாலோர் அதைத் தருவது நவம்பரில். இப்போது முகத்தைக் காட்டிச் செல்போனிலேயே முடித்துவிடலாம். ஆனால் எண்பது வயதில், பேரன் வெளியூரில் இருக்கும் வீட்டில், அது மலையேறுவதைப் போல. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை போல, வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர்கள் நம்மிடம் உண்டு. இரண்டு சனி, ஞாயிறு உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே வண்டியை எடுங்கள். தனியாகப் போய் ஆதாரும் ஓடிபியும் கேட்டால் மோசடிக்காரன் என்று துரத்துவார்கள், துரத்தவும் வேண்டும். உள்ளூர் முன்னாள் படைவீரர் சங்கத்தாரில் ஒருவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து அழைத்துப் போங்கள். அவருக்கும் ஹெல்மெட் கொடுங்கள்.

கார்கில் பயணமோ உள்ளூர்ச் சுற்றோ, அடுத்த வாரம் ஒரு வேலைநாளில் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.