புள்ளி சேருது, காசு மிஞ்சுதா?



சம்பளம் எடுத்த கையோடு நாம் மஸ்கெலியா டவுனுக்கோ அட்டனுக்கோ சாமான் வாங்கப் போகிறோம். பெரிய கடைகளில் பில் போடுபவர், "கார்ட் இருக்கா? போன் நம்பர் சொல்லுங்க" என்று கேட்பதுண்டு. நம்மில் பலர் "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். இன்னும் சிலர், "பொயின்ட்ஸ் சேருதே" என்று தேவையில்லாததையும் கூடையில் போடுகிறோம். இரண்டிலும் நட்டம் நமக்குத்தான்.

புள்ளி என்பது என்ன?

நாம் வாங்கும் சாமானின் பெறுமதிக்கு ஏற்ப ஒரு சிறு தொகையைக் கடை நம் பெயரில் பதிந்து வைக்கிறது. பின்னர் அதைக் கழித்துச் சாமான் வாங்கலாம். கீல்ஸ் கடைகளின் நெக்ஸஸ், டயலொக் தொலைபேசி நிறுவனத்தின் ஸ்டார் பொயின்ட்ஸ் ஆகியவை நம் நாட்டில் பலர் அறிந்தவை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். ஆனால் இது தானம் அல்ல. நாம் திரும்பவும் அதே கடைக்கு வரவேண்டும், நாலு சாமான் கூடுதலாக வாங்கவேண்டும் என்பதற்காகத் தருவது. ஆகவே பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

100 ரூபாய்க்கு 1 புள்ளி, 1 புள்ளிக்கு 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8,000 ரூபாய்க்கு வாங்கினால் நமக்குக் கிடைப்பது 80 ரூபாய். பக்கத்துக் கடையில் அதே அரிசி கிலோவுக்கு 10 ரூபாய் குறைவு என்றால், 10 கிலோவில் 100 ரூபாய் மிஞ்சும். அங்கே புள்ளி இல்லாவிட்டாலும் லாபம் அங்கேதான்.

புள்ளிக்காகவே அட்டனுக்குப் போனால் பஸ் காசு எவ்வளவு? வேலை நாளில் போய் ஒரு பேர் இழந்தால்? 2024 செப்டெம்பரில் நாட் சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. 80 ரூபாய்க்காக ஒரு நாள் சம்பளத்தை விடலாமா?

நாம் செய்யவேண்டியவை

1. வீட்டிலேயே சாமான் பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். பட்டியலில் இல்லாததைப் புள்ளிக்காக வாங்காதீர்கள்.

2. எப்படியும் வாங்கும் சாமானுக்குப் புள்ளி கிடைக்குமானால் விடாதீர்கள். குடும்பத்துக்கு ஒரே நம்பர் போதும். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையும் அதே நம்பரைச் சொன்னால் புள்ளி ஒரே இடத்தில் சேரும்.

3. பில்லைக் கேட்டு வாங்கி, நம்பரும் புள்ளியும் சரியா என்று பாருங்கள். எழுத்துத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லுங்கள்.

4. புள்ளி எந்தத் திகதிவரை செல்லும், எந்தச் சாமானுக்குக் கிடையாது என்று முதலிலேயே கேளுங்கள். காலம் இருந்தால் தீபாவளிக்குச் சேர்த்து வைக்கலாம். முற்பணம் அந்தளவுக்குக் குறையும்.

5. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ புள்ளி சேர்க்காதீர்கள். வட்டி புள்ளியைத் தின்றுவிடும்.

6. "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்க" என்று யாராவது பேசினால் சொல்லவே சொல்லாதீர்கள். அந்த இரகசிய இலக்கம் நம் பணப்பெட்டியின் சாவி மாதிரி.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் கடைக்காரர் பில் கொடுக்கவேண்டும். பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதும் குற்றம். முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

தொழிலாளர் கண்ட வழி

வாங்கும் அளவுக்கு ஏற்பத் திருப்பித் தரும் இந்த முறையைத் தொழிலாளர்களே ஒரு காலத்தில் தமக்காக நடத்திக் காட்டினார்கள். 1844இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் நெசவாளர்களும் வேறு தொழிலாளர்களுமாக 28 பேர் காசு போட்டு ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். மா, சீனி, வெண்ணெய் போன்ற சில சாமான்கள்தான் முதலில் இருந்தன. கிடைத்த லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவுக்கு உறுப்பினருக்கே பகிர்ந்தார்கள்.

பெரிய கடை தரும் புள்ளி எவ்வளவு என்பதைக் கடைதான் தீர்மானிக்கும். கூட்டுறவில் கணக்குக் கேட்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. உங்கள் தோட்டத்தில் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் பொதுக்கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். "லாபம் எவ்வளவு? எங்களுக்குக் கழிவு உண்டா?" என்று எழுந்து கேளுங்கள்.

மழையிலும் வெயிலிலும் கொழுந்தெடுத்துச் சேர்த்த காசு இது. அடுத்த சம்பளத்தில் பட்டியலோடு போவோம், விலை பார்த்து வாங்குவோம், பில்லோடு வீடு திரும்புவோம்.