பாதி திறந்த பக்கத்தில் பணம் கட்டலாமா?

மகளுக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். நாளைக்குக் கடைசி நாள். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து இ-சேவை பக்கத்தைத் திறக்கிறீர்கள். மேலே அரசு முத்திரை வருது, கீழே வட்டம் சுத்துது. சுத்திக்கிட்டே இருக்குது. இல்லையென்றால் பக்கம் முழுசா வருது, ஆனா பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் அசையறதில்லை. "சர்வர் டவுனுங்க" என்பார் பக்கத்தில் இருப்பவர். சில நேரம் அது உண்மைதான். பல நேரம் சர்வர் நல்லா இருக்கும், அங்கிருந்து கிளம்பிய மூட்டைகளில் ஒன்று மட்டும் உங்கள் போனுக்கு வந்து சேர்ந்திருக்காது.

ஆமாம், மூட்டைதான். நாம் பார்க்கும் ஒரு வலைப்பக்கம் ஒரே பொருள் இல்லை. எலும்புக்கூடு போல ஒரு கோப்பு, நிறத்துக்கும் வடிவத்துக்கும் ஒன்று, பட்டனை வேலை செய்ய வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று, தமிழ் எழுத்துரு, படங்கள், "விண்ணப்பதாரர் பெயர்" மாதிரியான சொற்கள் அடங்கிய மொழிக் கோப்பு எனப் பலதும் சேர்ந்துதான் பக்கம்.

அனுப்பர்பாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பித்தளைப் பாத்திரங்களைத் தனித்தனியாக வண்டியில் ஏற்ற மாட்டீர்கள். பெரிசுக்குள் சின்னதை அடுக்கி, ஒரே கட்டாக அனுப்புவீர்கள். இணையத்திலும் அதேதான். பழைய முறையில் பிரவுசர் ஒரு தளத்திடம் ஒரே நேரத்தில் சுமார் 6 இணைப்புகளைத்தான் திறக்கும். நூறு சின்னக் கோப்பு இருந்தால் மீதி எல்லாம் வரிசையில் நிற்கும். அதனால் நிரல் எழுதுகிறவர்கள் வெப்பேக், வீட் போன்ற கருவிகளால் கோப்புகளைச் சேர்த்துக் கட்டி, சுருக்கி அனுப்பத் தொடங்கினார்கள். 2015-இல் வந்த எச்டிடிபி-2 ஒரே இணைப்பில் பல கோப்புகளைக் கொண்டுவரும். ஆனாலும் மூட்டை கட்டும் வழக்கம் போகவில்லை, நடுத்தர மூட்டைகளாகப் பிரிப்பது வழக்கமானது. பணம் கட்டும் பக்கத்துக்கான மூட்டை, நீங்கள் அங்கே போகும்போதுதான் கிளம்பும். முதல் பக்கம் ஜோராகத் திறந்து, மூன்றாவது பக்கத்தில் மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு உடனே புரியும்: லாட் நம்பர். ஒரே நீலம்தான் என்றாலும், ஒரு லாட்டில் சாயம் ஏற்றிய துணியில் உடலும் வேறு லாட்டில் ஏற்றிய துணியில் கையும் வெட்டித் தைத்தால் ஷேடு காட்டிக்கொடுத்துவிடும். வலைத்தள மூட்டைகளின் கோப்புப் பெயரோடும் அப்படி ஒரு குறியீடு ஒட்டியிருக்கும். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் குறியீடு மாறும். வேகத்துக்காகப் போன் பழைய கோப்புகளைச் சேமித்து வைக்கும், அதற்குப் பெயர் கேஷ். குறியீடு மாறாதவரை போனில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாம், டேட்டா மிச்சம்.

சிக்கல் வருவது தளத்தைப் புதுப்பித்த அன்றைக்கு. புது மூட்டைகள் ஏறிவிட்டன, பழையவை சர்வரிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. உங்கள் போனிலோ நேற்றைய எலும்புக்கூடு இருக்கிறது. அது பழைய லாட் நம்பரைச் சொல்லி மூட்டை கேட்கும். "அப்படி ஒன்று இல்லை" என்று பதில் வரும். வெள்ளைத் திரை! பக்கத்துக்காரர் போனில் திறக்கும், உங்கள் போனில் திறக்காது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. எலும்புக்கூட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு வாங்கும்படி தளத்தை அமைப்பது நிரலாளர்களின் பொறுப்பு.

மொழிக் கோப்பின் கதை தனி. ஜாவாவில் எழுதிய தளங்களில் முதலில் "இந்தியத் தமிழ்" கோப்பைத் தேடும், பிறகு "தமிழ்", கடைசியில் பொதுக் கோப்பு. அது பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ்க் கோப்பில் ஒரு சொல் விடுபட்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஆங்கிலம் எட்டிப்பார்ப்பது அதனால்தான். யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஜாவா இந்த மொழிக் கோப்புகளை நேரடியாக யூடிஎஃப்-8 முறையில் படிக்கத் தொடங்கியது 2017-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்துதான். அதற்கு முன்பு ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாக மாற்றி எழுதணும். மறந்தால்? "அனுப்பர்பாளையம்" நமக்கு 9 எழுத்து. கணினிக்கு 15 குறிகள், 45 பைட். தவறான முறையில் படித்தால் ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகி, தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' பதினைந்து தடவை வரும். அப்படிப்பட்ட பக்கத்தில் எந்தக் கட்டம் எதற்கு என்று ஊகித்து நிரப்ப வேண்டாம். தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் பெயர் விழுந்தால் விண்ணப்பம் திரும்பி வரும்.

சரி, மாட்டிக்கொண்டால் என்ன செய்யறதுங்க? நிரப்பியதைக் குறித்துக்கொண்டு, பக்கத்தை ஒரு முறை புதுப்பியுங்கள். சரியாகவில்லையென்றால் இன்காக்னிட்டோ பக்கத்தில் திறந்து பாருங்கள். அங்கே பழைய சேமிப்பு எதுவும் இருக்காது. அங்கே திறந்தால் கோளாறு பெரும்பாலும் கேஷில்தான். பிரவுசர் செட்டிங்ஸில் அந்த ஒரு தளத்தின் சேமிப்பை மட்டும் அழித்தால் போதும், அழித்த பிறகு மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும். விளம்பரத் தடுப்பு இருந்தால் நிறுத்திவைத்துப் பாருங்கள், அதுவும் சில மூட்டைகளை வாசலிலேயே மறித்துவிடும்.

பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் இந்தச் சோதனைகளைச் செய்யாதீர்கள். பக்கம் முழுசா வராதவரை கட்டண பட்டனைத் தொட வேண்டாம். பணம் போய்விட்டது, ஆனால் ரசீது வரவில்லை என்றால் மறுபடி கட்டுவதற்கு முன்பு வங்கிக் குறுஞ்செய்தியையும், உங்கள் கணக்கில் விண்ணப்ப எண் உருவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எதுவும் உதவவில்லையென்றால் அருகிலுள்ள இ-சேவை மையத்துக்குப் போகலாம், 1100-க்கு அழைத்தும் புகார் சொல்லலாம். "சைட் ஓப்பன் ஆகலை" என்பதோடு நிறுத்தாமல் எந்தப் பக்கம், எத்தனை மணி, எந்தப் பிரவுசர், இன்காக்னிட்டோவில் திறந்ததா என்பதையும் சொல்லுங்கள். எந்த மூட்டை வரவில்லை என்று தேடுகிறவருக்கு அது போதும்.