படிக்கத் தெரியாத பலகைகள்

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுகிறேன். கொல்கத்தா நியூ டவுனிலிருந்து நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். டீக்கடைப் பலகை, பஸ்ஸின் முகப்பு, நஸ்ருல் தீர்த்தம் பண்பாட்டு மையத்தின் கான்கிரீட் சுவரில் உள்ள வங்காள எழுத்துகள். "போர்டுல இருக்கற எழுத்தெல்லாம் ஓவியம் ஆகுமா மாமா?" என்று கேட்டிருந்தாய். ஆகும். நம் கோயம்புத்தூரில் பிறந்த ஒருவரே செய்து காட்டியிருக்கிறார்.

கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாக முன்நின்றவரும் அவர்தான். மனிதர்களையும் இயற்கைக் காட்சிகளையும் தேர்ந்த கையோடு வரைந்துகொண்டிருந்தவர், ஐம்பது வயதைத் தாண்டியபின் பாதையை மாற்றினார். அதற்குக் காரணம், கணக்குப் படிக்கும் மாணவன் ஒருவனின் நோட்டுப் பக்கம். எண்களும் எழுத்துகளும் வடிவியல் கோடுகளும் அதில் பரவிக் கிடந்த அழகு அவரைப் பிடித்துக்கொண்டது. 1963-இல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். 1977-இல் மறையும்வரை அதை விடவில்லை.

அந்த ஓவியங்களில் ஜாதகக் கட்டங்கள் இருக்கும். மலையாளம்போல நுணுக்கி எழுதிய வரிகள் ஓடும். மலையாளம் தெரிந்தவர்கள் கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு வார்த்தைகூடத் தேறாது. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினார். பொருள் பிடிபட்டுவிட்டால் கண் அடுத்த வரிக்குப் போய்விடும். பிடிபடாதவரை கோட்டின் மேலேயே நிற்கும்.

பலகை மட்டுமில்லை, மும்பை ஓவியர் அதுல் தோடியா கடை ஷட்டரிலேயே வரைந்தார். ஷட்டரைத் தூக்கினால் உள்ளே இன்னொரு ஓவியம். ஆனால் நீ பணிக்கரிடமிருந்து தொடங்கு.

வங்காளம் இன்னும் படிக்க வரவில்லை என்று வருத்தப்பட்டாயே, வரைகிறவளுக்கு அது பெரிய வசதி கண்ணு. மேலே ஒரு கோடு, அதில் கொடித்துணிபோல் எழுத்துகள் தொங்குகின்றன, பார்த்தாயா? எத்தனை கூர்மையான முக்கோணங்கள்! பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டால் இவை சட்டென்று வார்த்தைகளாகிவிடும். அதற்குள் வரைந்துவிடு.

ஒரு பலகையைத் தேர்ந்தெடுத்து எதிரே நின்று வரை. ஃபோட்டோ வேண்டாம். முதலில் எழுத்துகள், அடுத்த தாளில் எழுத்துகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் மட்டும். இரண்டாவதுதான் கடினம், அதில்தான் கை பழகும். பலகையை அப்படியே பெரிதாக்கி வைத்துவிட்டு ஓவியம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். எதை எடுப்பது, எதை விடுவது என்று நீ தீர்மானிக்க வேண்டும்.

ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்தில் பணிக்கர் பெயரிலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது போவோம். வரைந்த நோட்டை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
மாமா