அனுப்பம்பட்டில் மனை வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் வாடகை கட்டி மாளவில்லை. மீஞ்சூரைத் தாண்டி அனுப்பம்பட்டில் ஒரு மனை பார்த்திருக்கிறோம். குடும்பத்தோடு குடியேறலாமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வாங்கலாம் அம்மா, ஆனால் முதலில் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தின் பெரிய கவலை அதுதான். மீஞ்சூர் வட்டாரத்தில் 1960களிலிருந்து ஆலைகளுக்கும் சென்னைக்கும் ஆழ்குழாய்க் கிணறுகளில் இறைத்துத் தள்ளினார்கள். நல்ல தண்ணீர் கீழே போக, கடல்நீர் மண்ணுக்கடியில் உள்ளே ஏறியது. அதே வட்டாரத்தில் கடலோரக் காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய ஆலை, கடல்நீரிலிருந்து தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனோடு கட்டப்பட்டது. அந்தத் தண்ணீரும் சென்னைக்கென்றே திட்டமிடப்பட்டது. நிலத்தடி நீரைப் பறிகொடுத்த ஊர்க்காரர்கள் கேன் தண்ணீர் வாங்குவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

போக்குவரத்துக்குக் குறையில்லை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் அனுப்பம்பட்டில் நிற்கும். பொன்னேரி அடுத்த நிலையம். பள்ளிக்கும் சந்தைக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் பொன்னேரிக்கே போய்விடலாம். பழவேற்காட்டு மீனும் இறாலும் கிடைக்கும். வீட்டில் யாருக்காவது இரவு வேலை என்றால் மட்டும் கடைசி ரயில் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனை முன்பு நஞ்சையா, மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடமே விசாரியுங்கள். அங்கீகாரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பாருங்கள். சித்திரை வெயிலில் ஒருமுறை, ஐப்பசி மழையில் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.