மலைச் சாலையும் தானியங்கி கியரும்: பழுதை இனங்காணும் முறை

தமிழ்நாட்டையும் கேரளத்தையும் இணைக்கும் எல்லைச் சாலைகள் வாகனங்களுக்குக் கடுமையான தேர்வுக் களங்கள். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறது. கூடலூரிலிருந்து குமுளிக்கும், சின்னாற்றிலிருந்து மறையூர் வழியாக மூணாற்றுக்கும் செல்வோர் இத்தகைய ஏற்றங்களையே கடக்கின்றனர். பாலக்காட்டின் நிலைமை வேறு. வாளையார் வழியாகக் கணவாயைக் கடக்கும் சாலை பெரும்பாலும் சமதரை. ஆனால் கோடை வெயில் அங்கே கடுமை. அதே மாவட்டத்தில் நெம்மாறையிலிருந்து போத்துண்டி அணையைக் கடந்து நெல்லியாம்பதிக்குத் திரும்பினால் மீண்டும் மலைப்பாதை தொடங்குகிறது. ஏற்றம், வெப்பம் ஆகிய இரண்டும் தானியங்கி கியர்பாக்ஸின் பலவீனத்தை வெளிக்கொணர்பவை.

ஒரு காலத்தில் தானியங்கி கியர் வசதி படைத்தோரின் வாகனங்களுக்கே உரியதாக இருந்தது. 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் மாருதி சுசுகி நிறுவனம் செலேரியோ காரை ஏஎம்டி கியருடன் அறிமுகப்படுத்திய பின்னர் அந்நிலை மாறியது. அவ்வாறு விற்பனையான வாகனங்கள் பல இன்று இரண்டாம் கை, மூன்றாம் கை மாறிச் சந்தைக்கு வருகின்றன. அவற்றை வாங்கக் கடன் கோருவோர் எஞ்சினையும் டயரையும் வண்ணப்பூச்சையும் கவனமாகப் பார்க்கின்றனர். கியர்பாக்ஸைப் பார்ப்போர் குறைவு.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 5 லட்சம் ரூபாய்க் கடனை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தினால் மாதத் தவணை சுமார் 10,624 ரூபாய். வாங்கிய சில மாதங்களில் கியர்பாக்ஸ் பழுதுக்கு 1 லட்சம் ரூபாய் செலவானதாகக் கொண்டால், அது ஒன்பது தவணைகளுக்கும் மேற்பட்ட தொகை. வாகனம் பட்டறையில் நின்றாலும் தவணைத் தேதி நிற்பதில்லை. வழக்கமான முழுமைக் காப்பீட்டுப் பாலிசியும் இங்கு உதவாது. தேய்மானமும், இயந்திர மற்றும் மின் பழுதுகளும் அதில் விலக்கப்பட்டவை. எனவே பழுதின் அறிகுறிகளை முன்கூட்டியே இனங்காண்பது ஒவ்வொரு வாடிக்கையாளரும் கற்க வேண்டிய பாடமாகிறது.

முதலில் வகையை அறிக

தானியங்கி கியர் என்ற ஒரே பெயரில் நால்வகை இயந்திரங்கள் வழங்குகின்றன. ஒன்றில் இயல்பாக இருப்பது மற்றொன்றில் பழுதின் அறிகுறியாகும். ஆகவே வகையை அறியாமல் நோயை அறிய இயலாது.

முதல் வகை ஏஎம்டி. இது சாதாரண கியர்பாக்ஸே. காலால் அழுத்தும் கிளட்சையும் கையால் மாற்றும் கியரையும் இதில் ஒரு கருவி இயக்குகிறது. கியர் மாறும்போது ஒரு சிறு தயக்கமும் தலையசைப்பும் இதன் இயல்பு. ஆனால் ஏற்றத்தில் புறப்படும்போது கருகிய வாடை வருவது, திரையில் கியர் எழுத்து மினுக்குவது, கியர் விழாமல் நியூட்ரலிலேயே நிற்பது ஆகியவை பழுதின் குறிகள்.

இரண்டாம் வகை டார்க் கன்வெர்ட்டர் கொண்டது. 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அளித்த ஹைட்ராமேட்டிக் தொடங்கி வளர்ந்துவந்த திரவவழிக் கியர் மரபைச் சேர்ந்தது இது. எஞ்சினின் ஆற்றல் எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸைச் சென்றடைகிறது. ஓட்டம் மென்மையாக இருக்க வேண்டும். டி நிலைக்கோ ஆர் நிலைக்கோ மாற்றிய பின் ஓரிரு நொடிகளுக்கு மேல் தாமதித்து 'டக்' என்று இழுப்பது, சீரான வேகத்தில் செல்கையில் வரிக்கோடு பதித்த சாலையில் ஓடுவதுபோல் அதிர்வது, எஞ்சின் சுழற்சி ஏறியும் வேகம் ஏறாதிருப்பது ஆகியவை கவனத்திற்குரியவை.

மூன்றாம் வகை சிவிடி. இதில் படிப்படியான கியர்கள் இல்லை. விட்டம் மாறும் இரு கப்பிகளுக்கிடையே ஒரு பெல்ட் ஓடுகிறது. இன்றைய கார்களில் அது எஃகால் ஆனது. இம்முறையை 1958இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் கார்களில் கொண்டுவந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் எஞ்சின் ஒலி முன்னே செல்வதும் வேகம் பின்னே வருவதும் இதன் இயல்பு. அதைப் பழுதெனக் கருதிச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒரே வேகத்தில் செல்லும்போது சுழற்சிமானி முள் திடீரெனத் துள்ளுவதும், மெல்லிய ஊளை ஒலி நாளுக்கு நாள் வளர்வதும், நீண்ட ஏற்றத்தில் இழுவை குறைந்து வெப்ப எச்சரிக்கை தோன்றுவதும் இயல்பல்ல.

நான்காம் வகை டிசிடி எனப்படும் இரட்டைக் கிளட்ச். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படைக் கியர்களுக்கு மற்றொன்றும் உண்டு. கியர் மாற்றம் கண்சிமிட்டும் நேரத்தில் நிகழும். நெரிசலான ஏற்றத்தில் அடிக்கடி நின்று நகரும்போது, குறிப்பாக எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் உள்ளவை, சூடேறி எச்சரிக்கை தரும். 1, 3, 5 ஆகிய கியர்கள் மட்டும் விழுகின்றன அல்லது 2, 4, 6 மட்டும் விழுகின்றன என்றால், பழுது எந்தப் பாதியில் என்பதை அதுவே காட்டிவிடும்.

அறிகுறியைக் குறித்துவைத்தல்

மருத்துவரிடம் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்வதைப் போன்றதே, பட்டறையில் 'வண்டி இழுக்கவில்லை' என்று மட்டும் சொல்வது. ஒரு சிறு குறிப்பேட்டில் பின்வரும் ஐந்தையும் எழுதிச் செல்வது நன்று: குறை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்னரா? எந்தக் கியரில், எந்த வேகத்தில்? ஏற்றத்திலா, இறக்கத்திலா, சமதரையிலா? எச்சரிக்கை விளக்கு எரிந்ததா? எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கியபோது குறை மறைந்ததா?

இவற்றின் விடைகள் தேடலின் எல்லையைச் சுருக்குகின்றன. குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடிச் சூடேறியபின் நழுவும் வாகனத்தில் எண்ணெயின் தரமும் அழுத்தமும் முதலில் ஐயத்திற்குரியவை. மறுதொடக்கத்தில் மறைந்து மீண்டும் தோன்றும் குறையில் உணரி, மின்கம்பி, கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும்.

எண்ணெய் சொல்லும் செய்தி

டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ்களின் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். நிறம் சற்று மங்குவது வயதின் அடையாளம். கரும்பழுப்பு நிறத்துடன் கருகிய வாடையும் சேர்ந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் தேய்கின்றன எனலாம். பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தால் நீரோ குளிர்விப்பு நீர்மமோ கலந்திருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தைக் கண்ட கேரளத்தில் பழைய வாகனம் வாங்குவோர் இக்குறியை அலட்சியம் செய்யலாகாது. இருக்கைக்கு அடியில் படிந்த சேற்றையும் மின் இணைப்புகளில் பிடித்த துருவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்றைய பல வாகனங்களில் எண்ணெய் அளக்கும் குச்சி இல்லை. குறித்த வெப்பநிலையில், சமதரையில் நிறுத்தி, பட்டறையில்தான் அளக்க முடியும். வீட்டில் செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு: இரவில் வாகனத்தின் அடியில் வெள்ளைத் தாளை விரித்துவைத்துக் காலையில் எண்ணெய்த் துளி உள்ளதா எனப் பார்த்தல். எண்ணெய் மாற்றும்போது வாகனக் கையேடு குறிப்பிடும் வகையையே ஊற்ற வேண்டும். சிவிடிக்கு மற்றவகை எண்ணெயை ஊற்றுவது, சிக்கனத்தின் பெயரால் கியர்பாக்ஸையே இழப்பதற்கு ஒப்பாகும்.

கணினி காட்டும் குறியீடு

ஸ்டியரிங்கின் கீழே உள்ள ஓபிடி இணைப்பில் சோதனைக் கருவியைப் பொருத்தினால், வாகனம் தன் நினைவில் வைத்துள்ள பழுதுக் குறியீடுகளைக் காட்டும். பி0700 என்பது கியர்பாக்ஸ் கணினியில் வேறொரு குறியீடு பதிவாகியுள்ளது என்ற அறிவிப்பு மட்டுமே. அதை வைத்து எப்பாகத்தையும் மாற்றலாகாது. பி0715 உட்சுழற்சி உணரியின் சுற்றையும், பி0730 கியர் விகிதம் பொருந்தாமையையும், பி0740 டார்க் கன்வெர்ட்டர் கிளட்சின் கட்டுப்பாட்டுச் சுற்றையும் சுட்டுகின்றன. குறியீடு தேட வேண்டிய திசையைக் காட்டும். பழுதான பொருளை அது நேராகக் காட்டுவதில்லை.

பழைய வாகனம் வாங்குவோர் ஒரு நுட்பத்தை அறிந்திருத்தல் அவசியம். குறியீடுகளை அழித்துவிட்டால் எச்சரிக்கை விளக்கு அணைந்துவிடும். ஆனால் அழித்தவுடன் வாகனத்தின் சுயசோதனைகள் 'நிறைவு பெறவில்லை' என்று அதே கருவி காட்டும். சில பயணங்களுக்குப் பின்னரே அவை நிறைவுறும். விற்பனைக்கு நிற்கும் வாகனத்தில் பழுதுக் குறியீடு எதுவும் இன்றி, சுயசோதனைகளும் பெரும்பாலும் நிறைவுறாமல் இருந்தால், நினைவு அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம். பேட்டரி மாற்றியதாலும் இவ்வாறு நேரலாம். ஆகவே காரணத்தைக் கேட்டறிந்து, சில நாள் ஓட்டத்திற்குப் பின் மறுமுறை சோதிக்க வேண்டும்.

ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தல்

சமதரையில் ஒரு சுற்று வந்து திருப்தியடைவது போதாது. குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி, குறைந்தது அரைமணி நேரம் ஓட்டிச் சூடேறிய பின், ஓர் ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் புறப்பட்டுப் பார்க்க வேண்டும். பின்னோக்கி ஏறவும் சோதிக்க வேண்டும். முன்கியர்களில் மறைந்திருக்கும் தேய்மானம் சில வேளை ஆர் நிலையில் வெளிப்படும். விற்பவர் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், மற்றொரு நாள் காலையில் வருவதாகச் சொல்வதே முறை.

அதிர்வெல்லாம் கியர்பாக்ஸின் குற்றமன்று. பி நிலையில் நிறுத்தி எஞ்சின் சுழற்சியை உயர்த்தும்போதும் அதே அதிர்வு இருந்தால் ஸ்பார்க் பிளக், எரிபொருள் வழங்கல், எஞ்சின் மவுண்ட் ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும். வேகத்திற்கேற்ப வளரும் ஊளை சக்கரத்தின் பேரிங்கிலிருந்தும் வரலாம். ஏஎம்டியில் பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்தாலே கியர் விழ மறுப்பதுண்டு. எஞ்சின் ஓடாத நிலையில் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். அதைச் சோதிக்காமல் கியர் இயக்கும் கருவியை மாற்றச் சம்மதிக்க வேண்டாம்.

ஆகவே சோதனையின் வரிசை செலவு குறைந்ததிலிருந்து மிகுந்ததை நோக்கிச் செல்ல வேண்டும்: பேட்டரி, எண்ணெய், மின்கம்பி இணைப்புகள், உணரிகள், கிளட்சின் அளவைக் கணினிக்கு மீண்டும் கற்பித்தல், எண்ணெய் வழியை மாற்றும் வால்வுகள், அதன் பின்னரே கிளட்சும் முழுக் கியர்பாக்ஸும். முழுக் கியர்பாக்ஸையும் மாற்ற வேண்டும் எனப் பட்டறை கூறினால், முந்தைய படிகளின் முடிவுகளை எழுத்து வடிவில் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

மலையில் காக்கும் பழக்கங்கள்

ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரால் வாகனத்தைத் தாங்கி நிறுத்தலாகாது. ஏஎம்டி, டிசிடி வாகனங்களில் அது கிளட்சை எரிக்கும். பிரேக்கையோ கைப்பிரேக்கையோ பயன்படுத்துக. நிறுத்தி இறங்கும்போது முதலில் கைப்பிரேக், பிறகு பி நிலை; வரிசை மாறினால் வாகனத்தின் எடை முழுவதும் கியர்பாக்ஸினுள் இருக்கும் ஒரு சிறு கொக்கியின் மேல் விழும். இறக்கத்தில் நியூட்ரல் கூடாது. எல் நிலையோ கையியக்க நிலையோ தேர்ந்து எஞ்சினின் தடையைப் பயன்படுத்தினால் பிரேக் சூடேறாது.

எச்சரிக்கை விளக்கு எரிந்து, வாகனம் ஒரே கியரில் முடங்கினால், அது கணினி தானே எடுக்கும் தற்காப்பு. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துச் செல்வது நம் மலைப்பகுதிகளில் பழகிய வழக்கம். டார்க் கன்வெர்ட்டரும் சிவிடியும் உள்ள வாகனங்களுக்கு அது தீங்கு. எஞ்சின் ஓடினால்தான் அவற்றின் எண்ணெய்ப் பம்பு இயங்கும். இழுக்கப்படும்போது பாகங்கள் எண்ணெயின்றி உராயும். இயக்கும் சக்கரங்கள் தரையில் படாதவாறு, தட்டையான ஏற்றுவண்டியில் கொண்டுசெல்வதே முறை.

ஆவணங்களும் கடனும்

எல்லை கடந்து வாகனம் வாங்குவோர் முதலில் பதிவு செய்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்றைப் படிவம் 28 வழியாகப் பெற வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெறுவதும் சட்டப்படி தேவை. முந்தைய கடனின் ஈட்டுப் பதிவு நீக்கப்பட்டதற்குப் படிவம் 35ஐயும் கடன் தந்த நிறுவனத்தின் கடிதத்தையும் சரிபார்க்க வேண்டும். இவற்றுடன் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் உள்ள பராமரிப்புப் பதிவேட்டையும் கேட்டுப் பெறுக.

வங்கி கேட்கும் மதிப்பீட்டு அறிக்கை வாகனத்தின் விலையைக் கூறும். கியர்பாக்ஸின் நலத்திற்கு அது உறுதி தராது. சோதனைக்கெனச் சிலநூறு ரூபாயும் ஒரு முற்பகலும் செலவிட்ட பின்னரே கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமாறு வாடிக்கையாளர்களை நாம் கேட்டுக்கொள்கிறோம்.